பால் பத்தாத வீடுகள்

அரசாங்கக் காகிதங்களில் கிராம சுகாதாரச் செவிலியர் என்றும் வீட்டு வாசல்களில் நர்ஸம்மா என்றும் அழைக்கப்படும் உத்தியோகத்தில் எண்பதுகளின் நடுவில் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருக்கோகர்ணத்தையும் அதன் சுற்றுப்புறத்துக் கிராமங்களையும் முதலில் நடந்தும், பிறகு சைக்கிளிலும், கடைசியில் மொபெட்டிலும் சுற்றிவந்தவள் நான். இந்தத் தொழிலில் எது மிகவும் கஷ்டமான காரியம் என்று யாராவது என்னைக் கேட்டால், நள்ளிரவுப் பிரசவம் என்றோ, மழைக்காலத்துத் தடுப்பூசிச் சுற்று என்றோ, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மேலிடம் நிர்ணயித்த எண்ணிக்கையை ஒப்பேற்றியது என்றோ சொல்லமாட்டேன். பிறந்து ஒரு நாளான சிசுவைத் தாயின் மார்பில் சரியாகப் பொருத்தி, அது விழுங்குகிற ஓசை காதில் விழுந்தபிறகு, நாளைக்கு நான் இல்லாதபோதும் இது தனக்குக் கைவரும் என்ற தைரியத்தை அந்தத் தாய்க்கு உண்டாக்கிவிட்டு எழுந்து வருகிற காரியத்தைத்தான் சொல்லுவேன். ஆடும் மாடும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிற வேலைக்கு ஒரு நர்ஸ் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கன்று ஈன்ற மாட்டை மறுவாரமே யாரும் களையெடுக்க அனுப்புவதில்லை என்பது அவர்களுடைய யோசனைக்கு வருவதில்லை.

திருக்கோகர்ணம் புதுக்கோட்டை நகரத்தின் வடபுறத்தில், திருச்சிராப்பள்ளி போகிற சாலையை ஒட்டியிருக்கும் ஊர். பாறையைக் குடைந்த பழைய கோயிலில் கோகர்ணேசுவரர் எழுந்தருளியிருக்கிறார் என்றாலும், ஊராருடைய பக்தி பெரும்பாலும் பிரகதாம்பாளிடம்தான். தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வமாக இருந்து, அவர்கள் அடித்த அம்மன் காசில் பொறிக்கப்பெற்று, அரைக்காசு அம்மன் என்ற பெயரால் வெளியூராரும் கும்பிடுகிற தெய்வம் அவள். அரசாங்க அருங்காட்சியகமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கோயிலையும் அதையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். என்னுடைய பிரயாணம் அந்த இரண்டுக்கும் அப்பால் தொடங்கியது. என் பொறுப்பில் இருந்த கிராமம் ஒவ்வொன்றிலும் ஊர் என்று ஒன்றும் காலனி என்று ஒன்றும் இருந்தன. இடையில் ஒரு கண்மாய்க் கரையோ நாலைந்து வயலோ கிடக்கும். என் பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே பக்கம்தான், ஆனால் தாய்ப்பால் விஷயத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் எழுதக்கூடியவையாக இருக்கவில்லை.

"பால் பத்தலை நர்ஸம்மா" என்ற வார்த்தை இரண்டு இடத்திலும் என் காதில் விழும். ஊர்த் தெருவில் அதைச் சொல்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் மாமியாரோ தாயாரோ பெரும்பாலும் இருப்பார்கள், பிள்ளை அழுவதைக் கேட்டு, பார்க்க வந்த உறவினர் ஒருவர் "என்னடி, பால் பத்தலையா?" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார், அந்தக் கேள்வியே அவளுக்குச் சுரப்பைக் குறைத்திருக்கும். பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் நீர் போகிறதா என்று விசாரித்து, போகிறது என்று தெரிந்தால், வயிறு நிறைகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம் என்று சொல்லி, எடையும் போட்டுக் காட்டினால் அநேகமாகக் காரியம் முடிந்துவிடும். காலனியில் அதே வார்த்தையைச் சொல்கிற பெண் தனியாக இருப்பாள். மாமியார் நடவுக்குப் போயிருப்பாள், நாத்தனார் ஆடு ஓட்டிப் போயிருப்பாள், இன்னும் சில நாளில் இவளும் போயாக வேண்டும். பால் என்பது பிள்ளை குடிக்கக் குடிக்கச் சுரப்பது. காலையில் கொடுத்துவிட்டுப் போனவள் சாயங்காலம் வரும்வரை மார்பு கனத்து வலித்து, சேலை நனைந்து, இரண்டு மூன்று நாள் இப்படிக் கழிந்தால், உடம்பு தானாகவே கணக்கைக் குறைத்துக்கொள்ளும். அவள் பொய் சொல்லவில்லை. பால் மெய்யாகவே பத்தவில்லை. ஆனால் அதற்கு வைத்தியம் என் பையில் இருக்கவில்லை.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் பாட்டிமாரே பகைவர் என்று கற்பிக்கப்பட்டது. படம் வரைந்த அட்டைகளில் சீம்பாலைப் பீய்ச்சி மண்ணில் விடுகிற பாட்டி ஒருத்தி, தன் குணம் பிள்ளைக்கு வரவேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுச் சேனை வைக்கிற பாட்டி ஒருத்தி, தெருவில் குட்டியோடு வருகிற கழுதையை நிறுத்தி ஒரு சங்குப் பால் வாங்குகிற பாட்டி ஒருத்தி, சித்திரை வெயிலில் பிள்ளைக்கு நா வறளும் என்று தண்ணீர் புகட்டுகிற பாட்டி ஒருத்தி என்று எல்லாப் படத்திலும் ஒரு கிழவி குற்றவாளியாக நின்றாள். இந்த வழக்கங்கள் எல்லாம் மெய்யாகவே இருந்தன. சிலவற்றால் சிசுக்களுக்குப் பேதி வந்து அவஸ்தைப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் என் அனுபவத்தில், அழைத்துப் பேசினால் எளிதில் விலகிப்போனவையும் இவையே. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்கு தண்ணீர்தான் என்று ஒரு அப்பத்தாவிடம் மரியாதையாகச் சொல்லி, ஒரு டம்ளரில் கொஞ்சம் எடுத்து அதன் நீர்மையைக் கண்முன் காட்டினால், "அட, இதுலயே தண்ணியும் இருக்கா தாயி" என்று அவள் சங்கைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள்.

தவிர, அந்தப் பாட்டிமார் சேனை மட்டுமா வைத்தார்கள்? பேறுகாலமானவளுக்குப் பூண்டும் பால்சுறாவும் முருங்கைக்கீரையும் ஆக்கிப் போட்டதும், பால் கட்டி மார்பு இறுகிப்போனவளுக்கு வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றடம் கொடுத்து இதமாகப் பீய்ச்சிவிட்டதும் அவர்கள்தாம். பிள்ளை தவறிப்போன தாய்க்குப் பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவைச் சரமாக மார்பில் வைத்துக் கட்டுகிற வழக்கத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பரீட்சித்து, பூவும் பலன் தருகிறது என்று 1988-இல் பிரசுரித்தார்கள். குறைமாதச் சிசுக்களுக்குப் பீய்ச்சிய பாலைப் புகட்ட இன்று பெரிய ஆஸ்பத்திரிகளின் சிசுப் பிரிவுகளில் வைத்திருக்கும் பாலாடை, நம் வீட்டு அலமாரியில் வெள்ளியிலும் பித்தளையிலும் கிடந்த அதே பாலாடைதான். இந்தக் காரியங்களுக்கெல்லாம் எங்கள் அட்டைகளில் படம் இல்லை. பாட்டியைக் குற்றம் சொல்வது செலவில்லாத காரியம் என்பதால்தான் அந்தப் பாடம் இத்தனை காலம் நீடித்தது என்பது என் அபிப்பிராயம்.

இனி நான் சொல்லப்போவது, எங்கள் தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள்ளே மெல்லப் பேசிக்கொள்வார்களே தவிர எழுதிவைப்பதில்லை. சத்து மாத்திரையை வாசலில் நின்றபடி கொடுத்துவிடலாம். சொட்டு மருந்தை, அக்காளின் இடுப்பில் இருக்கும் பிள்ளையின் வாயில், தெருவில் நின்றே விட்டுவிடலாம். தாய்ப்பாலின் மகிமையைப் பற்றி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உபதேசம் செய்யலாம். ஆனால் பிள்ளை பிடிக்க மாட்டாமல் அலறுவதையும், காம்பு வெடித்து இரத்தம் கசிவதையும் பார்த்து அழுதுகொண்டிருக்கிற பச்சை உடம்புக்காரிக்கு மெய்யாகவே உதவவேண்டும் என்றால், தலையைக் குனிந்து அந்தக் குடிசைக்குள் நுழைந்து, அவள் கிடக்கிற பாயிலேயே அவள் தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்து, பிள்ளையின் தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி ஏந்தி, தாயின் வயிறும் பிள்ளையின் வயிறும் படியும்படி அணைத்து, அது வாயை அகலத் திறக்கிற கணம் வரையில் காத்திருந்து, காம்போடு அதைச் சுற்றிய கருவட்டமும் உள்ளே போகும்படி அந்த நிமிஷத்திலே பொருத்தவேண்டும். தொடாமல் இதைச் செய்ய முடியாது. நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில் காலனி வீட்டுப் பாயில் உட்கார்ந்த செவிலியர் மிகக் குறைவு. உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் பாட்டி என்னைப் பின்வாசல் வழியாக வரச்சொல்லித் தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்வாள். அறிவுரை எல்லாத் தெருவுக்கும் சமமாகப் போய்ச்சேர்ந்தது. கை மட்டும் போகவில்லை. பிறகு கணக்கெடுக்கும்போது, காலனிப் பெண்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரிவதில்லை என்று கூட்டங்களில் பேசினார்கள்.

இந்தக் குறையை நிவர்த்தி செய்தவள் நான் அல்ல. என் பொறுப்பில் இருந்த ஒரு காலனியிலேயே ஐந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வளர்த்த ஒரு நடுவயதுக்காரி இருந்தாள்; எழுத்து அறியாதவள், வெற்றிலை வாய்க்காரி, யாருக்கும் பயப்படாதவள். முதல் பிள்ளைக்காரி யாராவது திணறுகிறாள் என்று கேள்விப்பட்டால், நான் போய்ச்சேருவதற்கு முன்பே அவள் அங்கே உட்கார்ந்திருப்பாள். "என்னாத்துக்குடி அழுவுற, இங்க குடு அவனை" என்று அவள் அதட்டுகிற அதட்டலில் பாதித் துன்பம் போய்விடும். களைத்து வருகிறவள் உட்கார்ந்துதான் கொடுக்கவேண்டும் என்று என் புஸ்தகம் சொல்லியது. ஒருக்களித்துப் படுத்தபடி, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே கொடுப்பது எப்படி என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். "ராத்திரி குடிக்க விடு, ராத்திரிப் பாலுதான் மறுநாளைக்குச் சேமிப்பு" என்று அவள் சொன்னதன் தாத்பரியம், பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் இரவில்தான் அதிகமாக ஊறுகிறது என்ற பாடத்தைப் பின்னொரு பயிற்சியில் கேட்டபோதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. அவளை என்னோடு மற்றக் காலனிகளுக்கும் அழைத்துக்கொண்டு போனேன். அதற்காக அவளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க எங்கள் ஆபீஸ் விதிகளில் இடம் இல்லை; கூட்டங்களுக்கு வருகிறவர்களுக்குத் தேநீர்ச் செலவு எழுத இடம் இருந்தது.

1991-ஆம் ஆண்டில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் புறப்பட்டது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. தாவணி கட்டிய பெண்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும்கூடத் திடல்களில் விழுந்து எழுந்து சைக்கிள் பழகியதையும், கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டதையும் பத்திரிகைகள் எழுதின. நானும் அந்தக் கூட்டத்தில்தான் சைக்கிள் ஏறக் கற்றேன். பெண் விடுதலை என்றும் தன்னம்பிக்கை என்றும் அதைப்பற்றி எழுதியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஏனென்றால் அது என் பதிவேட்டில் விழுந்தது. கல்லுடைக்கிற இடத்திலிருந்து நடந்து வந்தால் போகவர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால் மத்தியானம் வீட்டுக்கு வராமல் இருந்த பெண்கள், சைக்கிள் கிடைத்ததும் சோற்றுவேளையில் வந்து பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். குவாரி தங்கள் குழுவினுடையதாக இருந்த இடங்களில், கங்காணியின் முகத்தைப் பார்க்காமல், மரக்கிளையில் சேலைத் தூளி கட்டிப் பிள்ளையைக் கையோடே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அந்த வருஷங்களில் "பால் பத்தலை" என்ற பேச்சு அந்தப் பக்கத்தில் எனக்குக் குறைவாகவே கேட்டது. அதற்காக நான் புதிதாக எந்த உபதேசமும் செய்திருக்கவில்லை.

டின்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிப் போய்ச் சம்பாதித்தவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். சபுராளிகள் என்று அழைக்கப்பட்ட அவர்கள் வீட்டுப் பரணில் துணியோடும் தைலத்தோடும் பால் டின்களும் வந்து இறங்கி, டின்பால் குடித்து வளர்ந்த பிள்ளை என்பது ஒருவகை அந்தஸ்தாகவே பேசப்பட்டதை என் சிறுபிராயத்தில் கேட்டிருக்கிறேன். அந்தச் சிங்கப்பூரிலேயே 1939-ஆம் ஆண்டில், ஜமெய்க்காவில் பிறந்து ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் சிசு வைத்தியம் செய்துவிட்டு வந்திருந்த டாக்டர் சிஸிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சர்க்கரை சேர்த்த டின்பாலை ஏழைத் தாய்மாரிடம் தள்ளிவிடுவது கொலைக்குச் சமானம் என்று ரோட்டரி சங்கத்தார் நடுவில் பகிரங்கமாகப் பேசினார் என்பது எங்கள் பரணுக்கு எட்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்த வியாபாரத்துக்குக் கட்டுப்பாட்டு விதிகளை 1981-இல் வகுத்தது. நம் பாராளுமன்றம் 1992-இல் பால் பவுடர் விளம்பரங்களைத் தடுத்துச் சட்டம் செய்தது. சட்டம் நல்ல சட்டம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிச் சுவரில் கொழுத்த வெள்ளைப் பிள்ளையின் படம் போட்ட காலண்டர் தொங்குவது நின்றது. ஆனால் டின்னை வாங்கும் காரணம் நிற்கவில்லை. ஒரு வாரத்தில் தீர்க்கவேண்டிய பவுடரை ஒரு மாதத்துக்கு இழுத்து, வெள்ளையாக இருந்தால் போதும் என்று கரைத்துக் கொடுக்கிற புட்டிகளை நான் எத்தனையோ பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் அழுவதில்லை, அழுகிற பலம் இருப்பதில்லை. பவுடரைக் கரைக்கத் தண்ணீரும் வேண்டும். 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்ததும், பிள்ளைகள் நோயில் விழுந்தபிறகுதான் அது வெளிப்பட்டதும் நாடறிந்த செய்தி. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் வந்த எண்ணம், அந்தத் தெருவில் புட்டிப்பால் குடிக்கிற சிசு எத்தனை இருக்கும் என்பது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே தாய்ப்பால் கொடுப்பது வெள்ளையரைவிடக் குறைவாக இருக்கிறது என்றும், அதற்கு என்ன காரணம் என்றும் அந்நாட்டார் செய்யும் விசாரங்களை ஓய்வு பெற்றபிறகு படிக்க நேர்ந்தபோது, வேற்று தேசத்துச் சரித்திரத்தைப் படிக்கிற உணர்ச்சி எனக்கு உண்டாகவே இல்லை. அடிமைக் காலத்தில் கறுப்பினத் தாய்மார் தம் பிள்ளை பசித்திருக்க எஜமானியின் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். நம் நாட்டிலும் வெள்ளைக்காரத் துரைமார் பங்களாக்களில் கூலிக்குப் பால் கொடுத்த பெண்கள் இருந்தார்கள், அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள் என்ன குடித்தன என்பதை எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. 1946-இல் வட கரோலினாவில் ஒரு ஏழைக் கறுப்பினக் குடியானவர் வீட்டில் ஒரே பிரசவத்தில் நாலு பெண்கள் பிறந்தபோது, அவர்களுக்குப் பிரசவம் பார்த்த வெள்ளை டாக்டர் ஒரு டின்பால் கம்பெனியோடு ஒப்பந்தம் பேச, பல்ட்ஸ் சகோதரிகள் என்று பெயர் பெற்ற அந்த நால்வரும் கறுப்பினத் தாய்மாருக்கு டின்பால் விற்கிற விளம்பரமானார்கள். அவர்களுடைய குடும்பத்துக்கு அதனால் பெரிய செல்வம் ஒன்றும் சேர்ந்துவிடவில்லை. கறுப்பினத்தார் மிகுந்து வாழும் பகுதிகளிலுள்ள பிரசவ ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பாலுக்கான உதவி குறைவாகவே கிடைக்கிறது என்று அந்நாட்டு அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு இலாகாவே 2014-இல் ஆராய்ந்து சொல்லியது. கை போகாத இடம் அங்கேயும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உலகத் தாய்ப்பால் வாரம் ஆகஸ்டு முதல் வாரத்தில் கொண்டாடப்படுவதை நாம் அறிவோம்; அந்நாட்டுக் கறுப்பினப் பெண்கள் சிலர், அந்த வாரம் தங்களுக்குப் போதவில்லை என்று கண்டு, 2013 முதல் ஆகஸ்டுக் கடைசி வாரத்தைத் தங்களுக்கென்று தனியாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் தெருவிலிருந்தே தாய்மாரைப் பழக்கித் தாய்மாருக்குத் துணையாக அனுப்புவது அவர்களுடைய முக்கியமான வேலைகளில் ஒன்று. அந்த வெற்றிலை வாய்க்காரி அந்தத் தேசத்தில் பிறந்திருந்தால் அவளுக்குச் சம்பளமாவது கிடைத்திருக்கும்.

நம் மாநிலத்தில் ஒரு விநோதம் இருக்கிறது. 2019 முதல் 2021 வரையில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது; நூற்றுக்கு 99-க்கு மேல். இதில் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற சிசுக்கள் தேசம் முழுவதும் நூற்றுக்கு 64 ஆக இருக்க, இங்கே 55 தான். ஆஸ்பத்திரி பக்கத்தில் வரவர மார்பு தூரத்தில் போனது எப்படி என்று கேட்டால், நூற்றுக்கு 45 பிரசவம் அறுவைச் சிகிச்சையாக நடக்கிறது என்ற அதே கணக்கெடுப்பின் இன்னொரு வரியில் ஒரு பதில் இருக்கிறது. வயிற்றில் தையலோடு மல்லாந்து கிடக்கிறவளுக்குப் பிள்ளையை எடுத்துத் தர ஒரு ஆள் வேண்டும், திருப்பிப் படுக்கவைக்க ஒரு ஆள் வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அப்படியே கழிந்துவிட்டால், யாரோ ஒருவர் கடைக்கு ஓடி ஒரு சின்ன டின் வாங்கிவந்துவிடுவார். பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருத்தியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாடு அரசு 2004-இல் செய்த ஏற்பாடு நான் என் உத்தியோக காலத்தில் கண்ட உத்தரவுகளுள் மிகவும் புத்திசாலித்தனமான ஒன்று. அந்தத் துணை அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் கதவோடு நின்றுபோகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்தது இந்தப் புதுக்கோட்டையில்தான். அவருடைய தாயார் எந்தச் சமூகத்தில் பிறந்தவர் என்பதைக் காரணமாகக் காட்டி அவரைக் கல்லூரியில் சேர்க்கக்கூடாது என்று வாதாடிய ஊரும் இதுதான். மகாராஜாவின் உத்தரவால் அவர் ஆண்கள் கல்லூரியில் சேர்ந்து படித்தார். ஏழைக் கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்தை ஒட்டிய காலத்தில் கூலி இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு கொடுக்கிற உதவித்தொகைக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். 2006-இல் ஆறாயிரமாகவும், 2011-இல் பன்னீராயிரமாகவும், 2018-இல் பதினெட்டாயிரமாகவும் அது உயர்ந்தது. தவணை தவணையாக வருகிற இந்தப் பணம் வந்து சேர்ந்த வீடுகளில் பெண்கள் சில வாரங்களாவது கூடுதலாகப் பிள்ளையோடு வீட்டில் இருந்தார்கள் என்பதை நான் நேரில் கண்டவள். எங்கள் அட்டைப் படங்கள் எல்லாம் சேர்ந்து செய்யாத வேலையை அது செய்தது. 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். அதுவும் நல்ல எண்ணம்தான். ஆனால் பூட்டிக்கிடந்த அத்தகைய ஓர் அறையின் சாவியைத் தேடி டிக்கெட் கவுண்டருக்கும் டைம் கீப்பருக்குமாக நடந்துவிட்டு, கடைசியில் கைப்பிள்ளைக்காரியைத் தூண் மறைவில் உட்காரவைத்து என் சேலைத் தலைப்பால் மறைத்த அனுபவமும் எனக்கு உண்டு.

ஓய்வு பெற்ற பின்பும் அக்கம்பக்கத்தார் கூப்பிட்டால் போகிறேன். அண்மையில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்கு மூன்று மாதம் நிறைவதற்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் இடம் போய்விடும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். கடை ஊழியர் உட்காருவதற்கு ஆசனம் வைக்கவேண்டும் என்று 2021-இல் சட்டம் வந்தபிறகு அங்கே ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். பால் பீய்ச்சுவதற்குத்தான் ஒரு மறைவிடம் இல்லை, மத்தியானத்தில் மாடியில் பெட்டி அடுக்கியிருக்கும் அறையில் ஒரு தோழி காவல் நிற்க அவள் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருகிறாள், இல்லாவிட்டால் வலி தாங்காது. காலையில் புறப்படும் முன்பும் இரவிலும் சுத்தமான எவர்சில்வர் டம்ளரில் எடுத்து மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் பிள்ளைக்குப் பாலாடையால் புகட்டலாம் என்று நான் விவரித்தபோது, மாமியாருக்கு முகம் சுளித்தது. "பீச்சி வச்ச பாலா? என்ன நர்ஸம்மா, இவ என்ன மாடா?" என்றாள். குளிர்சாதனப் பெட்டி அவர்கள் வீட்டில் இல்லை, எதிர்வீட்டில் இருந்தது. எதிர்வீட்டுக்காரிக்கும் இன்னொருத்தியின் பாலைத் தன் தோசைமாவின் பக்கத்தில் வைக்க மனம் வரவில்லை. இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பேசிப் பேசி, மாவு மேல் தட்டிலும் பால் கீழ்த் தட்டிலும் என்ற ஒப்பந்தத்துக்குக் கொண்டுவருவதற்குள் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது.

அதற்குள் அந்த மாமியாருக்கு ஒரு சந்தேகம் பிறந்திருந்தது. அரசாங்க உத்தியோகக்காரிக்கு எத்தனை மாதம் லீவு என்று கேட்டாள். என் காலத்தில் மூன்று மாதம் என்றும், பிறகு ஆறாகி, ஒன்பதாகி, 2021 முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தோடு கொடுக்கிறார்கள் என்றும், பெரிய கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருபத்தாறு வாரம் உண்டு என்றும் சொன்னேன். சட்டத்தில் இந்தக் கடையும் அடங்கும், ஆனால் நியமனச் சீட்டு இல்லாதவள் எதைக் காட்டிக் கேட்பது என்பதையும் சொன்னேன்.

"அப்ப கவருமெண்டுப் பிள்ளைக்குத்தான் பன்னெண்டு மாசம் பால் வேணும்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

அதற்குச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாததால், எடுத்துவைத்த பாலை அடுப்பில் ஏற்றக்கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்தில் டம்ளரை நிற்கவைத்து இளஞ்சூடாக்கினால் போதும், புகட்டி மீந்ததை மறுபடி வைக்கக்கூடாது என்ற விவரங்களை அவளிடம் இன்னொரு தடவை ஒப்பிக்கச் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள்.